அறுபத்திரண்டாவது கதை

நாற்பத்து மூன்று பேர். பெண்கள் பக்கம் இருபத்தாறு, ஆண்கள் பக்கம் பதினேழு. தன்னைச் சேர்க்கவில்லை. சுகதன் இரண்டாம் முறை எண்ணியபோதும் அதே கணக்குத்தான் வந்தது. இருந்தும் மூன்றாம் முறை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டிருக்கும் வரையில் பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பவுனம்மாள் வெறும் நாலாவது ஆள். அவளுக்கு முகமும் கிடையாது, மடியில் வெள்ளைத் துணிப் பொதியாகக் கிடக்கும் வலது கையும் கிடையாது. பௌர்ணமிக் காலை, மணி பத்தே முக்கால். பௌத்த சங்கக் கூடத்தின் தகரக் கூரை அதற்குள் வெயிலில் காய்ந்து டக் டக்கென்று சொடுக்கெடுத்தது. மும்முறை சரணம் சொல்லியாயிற்று, ஐந்து சீலமும் எடுத்தாயிற்று. பொய் சொல்ல மாட்டேன் என்னும் நான்காவது சீலத்தின்போது வழக்கம்போல அவர் குரலும் கூட்டத்தோடு சேர்ந்து ஒலித்தது. வழக்கம்போல ஒன்றும் ஆகவில்லை, கூரை இடியவில்லை. இனி செயலாளர் தேவபாலன் அறிவிப்புகளை முடித்தால் சுகதன் எழுந்து முற்பிறவிக் கதை சொல்ல வேண்டும். ஆனால் தேவபாலன் ஒலிபெருக்கியைப் பிடித்தால் லேசில் விடுகிறவர் இல்லை. "போன பௌர்ணமிக்கு என் புதுச் செருப்பை யாரோ மாட்டிக்கினு போய்ட்டீங்க. அதுக்குப் பதிலா வார் அறுந்தது ஒண்ணை விட்டுட்டுப் போயிருக்கீங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல." ஆண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், "போன பிறவியில நீங்க அவரு செருப்பைத் திருடியிருப்பீங்க செயலாளரே, இப்ப நேராயிடுச்சு, வுடுங்க" என்றது. கூடம் முழுக்கச் சிரித்தது. பவுனம்மாளும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துவிட்டதால் சுகதனுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

சிரிக்கிறாள். பத்தொன்பது நாளைக்கு முன்பு கண்ணாடி விரியன் கடித்து, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து, இரண்டு விரலை எடுத்த பிறகும் செருப்புக்குச் சிரிக்கிறாள். போன வாரம் அவள் மகள் விசாகா வாசலில் நின்று சொன்னது அவர் காதில் அப்படியே இருக்கிறது. "மாமா, இந்தப் பௌர்ணமிக்கு அந்த முள்ளம்பன்றிக் கதையத்தான் சொல்லணுமாம். அம்மா சொல்லியனுப்பிச்சு. ஆஸ்பத்திரியில மயக்கத்துலகூட அதையே பேசிக்கினு இருந்துச்சு. விரல எடுத்தப்புறம் என்னைக் கேக்குது, ரெண்டு விரல் போச்சே, உங்கப்பா பாவத்துல கொஞ்சமாச்சும் கழிஞ்சிருக்குமான்னு. நான் இன்னா பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க." அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அவள் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் பேசுவாள். முப்பத்தாறு வருஷமாகப் பவுனம்மாள் சுரங்கத்துக் கழிவு மண் மேடுகளில் காலையும் மாலையும் நடந்து, எலி வளை, உடும்பு வளை, எறும்புப் புற்று, எதன் வாயில் கல் கிடந்தாலும் எடுத்துத் தள்ளிப் போடுகிறாள். ஊரில் அவளுக்குக் கல்லெடுக்கும் பவுனு என்றே பெயர். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருஷமாயிற்று, ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள், அவள் மட்டும் குனிந்த முதுகோடு அந்தச் சாம்பல் மேட்டில் ஊர்ந்துகொண்டிருப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் அவளே ஏதோ ஒரு பிராணி மாதிரி தெரியும். எந்த வளைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லிக் கதையில் இல்லை. கல்லை எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் கதையில் இருந்தது. கதையைச் சொன்னது சுகதன்.

அவர் அப்பா சொல்லியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இந்தச் சங்கத்தில் பௌர்ணமிதோறும் கதை சொன்னவர் அவர். மகனுக்குப் புத்தரின் பெயர்களில் ஒன்றைத் தேடி வைத்தவர். பொடி எழுத்துப் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்து, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன மகனுக்கு அறுபத்தொரு கதையை மனப்பாடம் செய்து வைத்தார். எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் முடியும். கடைசியில் புத்தர் முடிச்சை அவிழ்ப்பார்: அன்று யானையாக இருந்தது நான், அன்று வேடனாக இருந்தவன் இன்ன ஆள், அன்று அரசியாக இருந்தவள் இன்னவள் என்று. "அந்தப் பொருத்தம் சொல்றது மட்டும் அவருக்குத்தான் உரிமைடா. நாம திருப்பிச் சொல்லலாம், சேர்த்துச் சொல்லக் கூடாது" என்பார் அப்பா. சுகதன் தன் நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் எண் போட்டு, எதிரில் புத்தகத்தின் பக்க எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார். அறுபத்திரண்டுக்கு எதிரில் ஒன்றுமில்லை. காசி நாட்டில் ஓர் இடையன் முள்ளம்பன்றி ஒன்றைத் துரத்திக்கொண்டு போனான். அது வளைக்குள் புகுந்தது. சாயந்திரம் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று வளையின் வாயில் ஒரு பாறையை உருட்டி வைத்துவிட்டுப் போனவன், வழியில் மாமன் வீட்டுக் கல்யாணக் கூட்டத்தைக் கண்டு அதோடு போய்விட்டான். ஐந்தாம் நாள் ஞாபகம் வந்து ஓடி வந்து கல்லை நகர்த்தினால் உள்ளே அது செத்துக் கிடந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம், முனிரத்தினத்தின் உடல் வீட்டு வாசலில் கிடந்தபோது, பவுனம்மாள் சுகதனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணே, எங்க வீட்டுக்காரரு ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் நினைச்சதில்லயே, அவருக்கு ஏண்ணே இப்படி?" என்று கேட்டபோது, இரண்டு பெருமூச்சுக்கு நடுவில் உண்டான கதை அது. அன்று வளையை அடைத்த இடையன்தான் இன்று முனிரத்தினம் என்று அவர் சொன்னார். புத்தர் வாயில் தன் பொய்யை வைத்தார். அவள் அழுகையை நிறுத்தினாள். அதுதான் பயங்கரம். அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப அந்தப் பாவத்த நான் எப்படிண்ணே தீர்க்கறது?" என்று கேட்டாள். கல்லை எடும்மா என்றார்.

தேவபாலன் இப்போது குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறார். குழாய். பேசட்டும், இன்னும் பேசட்டும். சுகதனின் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. பித்தளை ருசி. எப்போதும் இந்த ருசிதான் வரும். ஒன்பது வருஷம் பித்தளைப் பில்லைகளைத் தொட்ட விரலால் எச்சில் தொட்டு ஏடு புரட்டினதால் வந்த ருசி. சுரங்கத்து வாயில் சன்னலுக்குப் பின்னால் பில்லைப் பலகைக்காரராக இருந்தார். இறங்குகிற ஒவ்வொருவனும் தன் எண் போட்ட பில்லையை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் சன்னலில் முகத்தைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிப் பில்லையும் பலகையை விட்டுப் போனால்தான் உள்ளே ஆள் இல்லை என்று அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மூன்றரை மணிக்கு வெடி வைப்பார்கள். முகத்தைப் பார்க்காமல் பில்லையைத் தொடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், ஒற்றை வரி. ஒன்பது வருஷத்தில் ஒரு பில்லை பிசகியதில்லை. அந்தத் திங்கட்கிழமை இறங்கினவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று மணி பத்து நிமிஷத்துக்குப் பலகையில் மிச்சம் ஒன்றே ஒன்று, நூற்று நாற்பத்தேழு, முனிரத்தினம். அப்போது சன்னலைத் தாண்டித் தலையில் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் போனான். முனிரத்தினம் எப்போதும் அப்படித்தான் போர்த்திக்கொள்வான், கண்கூசும் என்பான். இன்றைக்கு நிற்காமல் போகிறான் பார், சோம்பேறி, என்று நினைத்துக்கொண்டு சுகதன் தன் கையாலேயே அந்தப் பில்லையைக் கழற்றினார். அது எவ்வளவு லேசாக வந்தது. ஆணியிலிருந்து கிளிங் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு கையெழுத்து. பிறகு வெடி. வெடியில் பாறை சரிந்து அந்தச் சுரங்கவழி அடைந்துபோனது. உள்ளே ஆள் இல்லை என்று பலகை சொன்னதால் மெல்ல அகற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முனிரத்தினத்தை வெளியில் தேடினார்கள், சாராயக் கடையில் தேடினார்கள். எவளோடோ ஓடிவிட்டான் என்று ஒருவன் சொல்ல ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை பாறையை நீக்கினபோது கிடைத்தான். பில்லை வாங்கின பிறகு புகையிலை டப்பாவை மறந்து திரும்ப இறங்கியிருப்பான் என்று சுகதன் விசாரணையில் சொன்னார். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. திங்கட்கிழமை இப்படி, சனிக்கிழமை அப்படி. நினைப்பு எப்போதும் இப்படித்தான் ஓடும், திங்களிலிருந்து ஒரே தாவலாகச் சனிக்கு. நடுவில் ஒன்றும் இல்லாத மாதிரி.

நடுவில் இருந்தது. குழாய்ப் பேச்சு முடிந்து தேவபாலன் கண்ணாடியைத் துடைக்கிறார், இன்னும் ஒரே ஓர் அறிவிப்பு என்கிறார். நடுவில் செவ்வாய் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு எத்திராசு என்கிற பையன் தலையில் கட்டோடு சன்னலுக்கு வந்து, துவைத்து மடித்த பச்சைத் துண்டை நீட்டினான். "முனியண்ணன் துண்டு. நேத்து மண்டையில கல்லு வுழுந்துச்சில்ல, ரத்தம் கொட்டுதுடா, இந்தா கட்டிக்கினு ஓடுன்னு குடுத்தாரு. அடிபட்டவனுக்குக் கூட்டாளி வாங்கலாமே, என் பில்லைய அவன் முன்னாடியே வாங்கிட்டான், நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டேன். நீங்க குடுத்துடறீங்களா?" கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் விளங்காதது, கை நடுங்கவே இல்லை. அடிபட்டவனுக்குத் துண்டைக் கொடுத்தான், அதனால் செத்தான். எந்தக் கதையிலாவது இப்படி வருமா? அப்பாவின் அறுபத்தொன்றிலும் தேடிப் பார்த்துவிட்டார். கொடுத்தவன் அரசனாகப் பிறப்பான், தேவனாகப் பிறப்பான், கொடுத்ததற்காகப் பாறைக்குள் அடைபட்டவன் ஒருவன்கூட இல்லை. அதிகாரி அறைக்குப் பதினோரு படி. ஏழு படி ஏறினார். உள்ளே அதிகாரி யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது, இறங்கிவிட்டார். நாளைக்குச் சொல்லலாம். வேறு வழியாக ஏறி வந்திருப்பான். துண்டைக் கொதிகலன் அடுப்பில் போட்டார். புதன்கிழமை, உள்ளே இருந்தால் இந்நேரம் செத்திருப்பான், செத்தவனுக்காகச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தீர்மானித்தார். தீர்மானித்த பிறகு பசித்தது, சாப்பிட்டார். சனிக்கிழமை உடலைத் தூக்கிவந்த மேஸ்திரி தனியாக அழைத்து, "மரத்தூண்ல கொத்துளியால மூணு கோடு போட்டிருந்தான் சுகதா, எதுக்குன்னு தெரியல" என்றான். சுகதனுக்குத் தெரிந்தது. கீழே இருட்டில் பொழுது தெரியாது. ஆனால் தினமும் மூன்றரைக்கு மற்ற வழிகளில் வெடிக்கிற வெடி பாறையைக் குலுக்கும். செவ்வாய் ஒரு கோடு. புதன் ஒரு கோடு. வியாழன் ஒரு கோடு. செத்திருப்பான் என்று இவர் முடிவுகட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்த புதன்கிழமை, முனிரத்தினம் இரண்டாவது கோட்டைப் போட்டு முடித்திருந்தான். மேலே பலகைக்காரன் எண்ணினால் கீழே அவனும் எண்ணினான். அவன் எண்ணினதில் பிசகில்லை.

"இப்ப நம்ம சுகதன் அண்ணன்" என்றது ஒலிபெருக்கி. எழுந்தபோது முழங்கால் இரண்டும் சத்தமிட்டன. நானூற்று நாற்பத்தைந்து பௌர்ணமி ஆயிற்று அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு; ஒவ்வொரு பௌர்ணமியிலும் நிற்கிற அதே இடத்தில் நின்றார். வெள்ளைக்கல் புத்தர் முதுகுப் பக்கம் இருந்தார், அது ஒரு சௌகரியம். கதை தானாகப் போயிற்று. காசி நாடு, இடையன், முள்ளம்பன்றி. வாய் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே வேறு ஒன்று ஓடியது: அடுத்த பிறவியில் நான் எதன் உள்ளே அடைபடுவேன்? வளைக்குள்ளா, முட்டைக்குள்ளா, கருவிலேயே கல்லாகிப் போகிறவைகளும் உண்டாமே, அப்படியா? முப்பத்தாறு வருஷமாகக் கதவைத் திறந்துபோட்டுத்தான் தூங்குகிறார், அந்த மூச்சு முட்டல் இப்போதே வந்துவிட்டது என்பதுபோல. பயமெல்லாம் தன்னைப் பற்றியே இருப்பதைக் கவனித்தார். முனிரத்தினத்தை நினைக்கும்போதுகூடத் தன்னைத்தான் நினைக்கிறார். எதிரில் பவுனம்மாள் உதட்டை அசைத்துக் கதையை அவருக்கு அரை வார்த்தை முன்னால் சொல்லிக்கொண்டே வருகிறாள். அவ்வளவு தூரம் பாடம். ஐந்தாம் நாள் இடையன் ஓடி வந்தான் என்று சொல்லும்போது அவளுடைய துணிப்பொதி கை மடியிலிருந்து தானாக எழும்பி, இல்லாத ஒரு கல்லைப் பிடிக்கப் போவதுபோல முன்னே வந்தது. எடுத்த இரண்டு விரல் போக மூன்று விரல் அந்தத் துணிக்குள். இனி மிச்சம் அந்த மூன்று. அடுத்த வளையில் அதுவும் போகும். பொருத்தம் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. "அன்று வளையை அடைத்த இடையன்" என்று தொடங்கி நிறுத்தினார். கூரை சொடுக்கெடுத்தது. "அந்த இடையன் முனிரத்தினம் இல்லை. நான்தான் அது. கல்லை வைத்தவன் நான்."

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து, நன்று என்னும் பொருளில், "சாது" என்று ஒரு குரல் எழும்பியது, உடனே எல்லோரும், "சாது, சாது." நாற்பத்து மூன்று பேரும் கையைத் தலைக்குமேல் குவித்தார்கள். தேவபாலன் குரல் தழுதழுக்க ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, செத்தவரு பாவத்த எடுத்துத் தன் தலையில போட்டுக்கினாரு. இந்த மனசு யாருக்கு வரும்? இந்தக் காலத்துல அடுத்தவன் செருப்பைத்தான் எடுத்துக்கிறாங்க." மறுபடி சிரிப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பு. சுகதன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சொல்லியாயிற்று, கேட்டாயிற்று, ஆனால் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. இப்படியே விட்டுவிடலாம், உண்மையைத்தானே சொன்னேன் என்று உள்ளே ஒரு குரல் உடனே கணக்குப் பார்த்தது. செத்தவர் பெயரால் புண்ணியம் பகிர்கிற நீர் வார்ப்புக்காகப் பித்தளைச் செம்பையும் தாம்பாளத்தையும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். கதை சொன்னவர் செம்பைப் பிடிக்க, வீட்டார் அவர் கையைத் தொட்டுக்கொள்வது அந்தச் சங்கத்து வழக்கம். கூட்டம் நீர் வார்ப்புப் பாட்டை இழுக்கத் தொடங்கியது. பவுனம்மாள் மகள் தோளைப் பிடித்தபடி வந்து எதிரில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"இன்னா மனசுண்ணே உங்களுக்கு" என்றாள். "அவரு பாவத்த நீங்க வாங்கிக்கினீங்க. இனிமே நான் உங்களுக்காகத்தான் கல்லு எடுக்கணும். வலது கை போனா இன்னா, இடது கை கீதில்ல. நாளைக்கே போறேன்."

செம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின. பாட்டுச் சத்தத்தில் அவர் குரல் அவளுக்கும் விசாகாவுக்கும் மட்டுமே கேட்டது.

"பவுனு, வேணாம். அவன் திரும்பக் கீழே எறங்கல. ஏறி வரவே இல்ல. நான் முகத்தைப் பாக்காம பில்லையக் கழட்டிட்டேன். கல்லு வெச்சது கதையில வர்ற இடையன் இல்ல. பலகையில இருந்த நான். கதையே நான் கட்டினதுதான்."

விசாகா, "மாமா, இன்னா பேசறீங்க?" என்றாள். பவுனம்மாள் மகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் இருந்த தெளிவு போகவில்லை. அசையாமல் அப்படியே நின்றுவிட்டது.

"பாறை வுழுந்தப்பவே செத்துட்டாரா?"

"இல்ல."

"எத்தினி நாளு உசுரோட இருந்தாரு?"

"மூணு. வியாழக்கிழமை மூணரை வரைக்கும் நிச்சயம். அதுக்கு மேல தெரியாது."

அவள் உதடு அசைந்தது. கதையைச் சொல்லும்போது அசைந்ததுபோலவே, சத்தமில்லாமல். "அந்த மூணு நாளும் நான் அவரத் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள் கடைசியில். "எவளோடயோ ஓடிட்டான்னு. வாசல்ல நின்னு, நாலு பேருக்குக் கேக்கறாப்ல. மண்ணை வாரித் தூத்தினேன்." அப்புறம், மிகவும் சாதாரணமாக, நேரம் கேட்கிறவளைப்போல, "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

சனிக்கிழமை என்ற சொல் நாக்குக்கு வந்து நின்றது. எல்லோருக்கும் தெரிந்த நாள், பழகின நாள். சொன்னால் போதும்.

"செவ்வாய்க்கிழமை" என்றார். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு."

பாட்டு முடிந்துவிட்டது. நீர் விழும் சத்தத்துக்காகக் கூடம் காத்திருந்தது. தேவபாலன் தொண்டையைச் செருமி, "ஊத்தலாம்ண்ணே" என்றார். பவுனம்மாள் இடது கையை நீட்டிச் செம்பின் கழுத்திலிருந்து சுகதனின் விரல்களை எடுத்தாள், கோபமில்லாமல், அவசரமில்லாமல். "விசாகா, நீ வந்து புடி" என்றாள். மகளின் கைமேல் தன் துணிப்பொதி கையை வைத்துக்கொண்டாள். தாம்பாளத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது. முனிரத்தினம் என்று பெயரை அவளே சொன்னாள், மூன்று முறை. சுகதனின் இரண்டு கையும் செம்பு இருந்த அகலத்துக்கு விரிந்தபடியே அவர் மடியில் இருந்தன.